எந்த ரயிலைப் பார்க்க எவ்வளவு தூரம்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மாதிரி ரயில் காட்சிகளோ உலகம் முழுக்கப் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கின்றன. அலோர் ஸ்டாரில் ஆசிரியராகவோ அரசாங்க ஊழியராகவோ இருக்கும் ஒரு ரசிகர், கோலாலம்பூரில் ஒரு காட்சி என்று கேள்விப்பட்டால்கூட ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமைக் கூட்டத்தில் இடிபட்டு, பார்த்தது பாதி பார்க்காதது பாதியாகத் திரும்ப வேண்டும். மின்சார ரயிலில் தலைநகருக்குப் போக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். வெளிநாடு என்றால் விமானக் கட்டணம், தங்கும் செலவு, வீட்டில் சொல்ல வேண்டிய காரணம் என்று கணக்கு நீளும்.

ஆகவே, ‘எந்தக் காட்சிக்குப் போவது?’ என்ற கேள்வி இங்கே பொழுதுபோக்குக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில் இருப்பவருக்கு அரை மணி நேரத்தில் ஒரு தேவாலயக் கூடமோ பள்ளி மண்டபமோ கிடைத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அலோர் ஸ்டார்க்காரருக்கு அந்த வசதி இல்லை. எதைப் பார்க்கப் போனாலும் அது பயணம்தான். ஒவ்வொரு பயணமும் இன்னொரு பயணத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. சம்பளமும் விடுப்பும் உடம்பும் அளவோடு இருக்கும்போது, கண்ணால் காண வேண்டியவை எவை என்று தீர்மானிப்பது வாழ்க்கையை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வியின் ஒரு துண்டு.

முதலில் மனம் ஓடுவது பெரியதை நோக்கித்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸ்பைகர்ஷ்டாட் என்ற பழைய கிடங்குப் பகுதியில், ஃப்ரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001 ஆகஸ்டில் திறந்த ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’ உலகிலேயே மிகப் பெரிய மாதிரி ரயில் அமைப்பு. அளவு 1:87. அதாவது உண்மையான ரயிலின் 87இல் ஒரு பங்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள், சுவிஸ் மலைகள், ஸ்காண்டிநேவியக் கடல், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டி விடியும் பகல். 2011இல் ஒரு விமான நிலையத்தையே சேர்த்தார்கள். விமானங்கள் ஓடுபாதையில் உருண்டு மேலே எழும்புவதைப் பார்க்கிறவர்களில் குழந்தை யார், பெரியவர் யார் என்று சொல்ல முடியாது. அதைக் குறைத்துப் பேச ஒரு காரணமும் இல்லை. மனித உழைப்பின் அதிசயங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அலோர் ஸ்டார் ரசிகர் யோசிக்க வேண்டியது அதன் பெருமையை அல்ல, அதன் தன்மையை. ஹாம்பர்க் காத்திருக்கும். அது நிரந்தரமானது. இந்த ஆண்டு போகாவிட்டால் அடுத்த ஆண்டு போகலாம். மகள் மேற்படிப்புக்கு ஐரோப்பா போனால் அப்போது போகலாம். இன்னும் ஒன்று: அங்கே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நிற்கும் பார்வையாளருக்கு அந்த மலையைச் செதுக்கியவர் யார் என்று தெரியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஊழியர்கள் இருப்பார்கள். செய்தவரே பக்கத்தில் நிற்பது அரிது.

காத்திருக்காதவையும் உண்டு. பர்மிங்காம் நகரின் என்இசி மண்டபத்தில் வார்லி மாதிரி ரயில் சங்கம் ஆண்டுதோறும் நவம்பரில் நடத்திவந்த கண்காட்சி, பிரிட்டனின் மிகப் பெரிய மாதிரி ரயில் கூடுகையாக விளங்கியது. சம்பளம் வாங்காத சங்க உறுப்பினர்கள் சேர்ந்து நடத்திய காட்சி அது. 2023இல் நடந்ததே கடைசி என்று பிறகு அறிவித்துவிட்டார்கள். ‘ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை வார்லிக்குப் போக வேண்டும்’ என்று வைத்திருந்தவர்கள் உலகெங்கும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜான் ஆலன் தன் வீட்டின் அடித்தளத்தில் பல ஆண்டுகள் கட்டிய ‘கோர் அண்ட் டெஃபீட்டட்’ என்ற மலை ரயில் அமைப்பு, இந்தக் கலையில் ஈடுபட்ட ஒரு தலைமுறைக்கே ஆசான். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து அமைப்பின் பெரும்பகுதி எரிந்து போனது. இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்.

எனவே முதல் உரைகல் இது: அளவைப் பார்க்காதே, ஆயுளைப் பார். எது நாளைக்கும் இருக்கும், எது ஒருவரின் மூச்சோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தனி மனிதரின் கையால் ஆனது, சங்கத்தின் தயவில் நடப்பது, வாடகை மண்டபத்தில் இரண்டு நாள் மட்டும் விரிப்பது ஆகியவற்றுக்கு முதல் இடம். கட்டடமும் நிர்வாகமும் உள்ளவை பின்னால் வரலாம்.

விலக்க வேண்டியவற்றைச் சீக்கிரம் விலக்கிவிடலாம். நியூரம்பெர்க் பொம்மைச் சந்தை உலகப் புகழ் பெற்றது, ஆனால் அது வணிகர்களுக்கானது. ரசிகர் அங்கே போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை. முக்கால் பங்கு விற்பனைக் கடைகளாக இருக்கும் காட்சிகளுக்கும் இன்று கடல் தாண்டத் தேவையில்லை. பெட்டியில் அடைத்த எஞ்சின் தபாலில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. நல்ல காட்சி என்பதற்கு ஒரு அடையாளம், அதன் அறிவிப்பில் கடைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் லேஅவுட்களின், அதாவது ரயில் அமைப்புகளின், பெயர்கள் இருக்கும். எந்த ஊர், எந்தக் காலம், எந்த அளவு, செய்தவர் யார் என்ற நான்கும் ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்டிருந்தால், நடத்துகிறவர்களுக்கு எது முக்கியம் என்பது புரிந்துவிடும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே லாங் விட்டன்ஹம் என்ற சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹாம்பர்க்கோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் கெடாவிலிருந்து போகிறவருக்கு ஹாம்பர்க்கைவிட இதுவே நெருக்கமானதாக இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். அதைத் தொடங்கியவர் ராய் இங்லண்ட், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த இளைஞர். ‘வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்’ என்ற பள்ளத்தாக்கின் கிராமங்களில் அவர் மனம் தங்கியது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கவனிக்காத ஒன்று வெளியூரிலிருந்து வந்த அவர் கண்ணில் பட்டது: அந்தக் கிராமங்கள் மறைந்துகொண்டிருந்தன. கூரை மாறியது, சுவர் மாறியது, பழைய வீடு இடிந்து புது வீடு எழுந்தது. யாரும் வருத்தப்படவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் சிறியது. அவர் அளந்தார், படம் எடுத்தார், குறித்துவைத்தார். பிறகு அட்டையை வெட்டி வண்ணம் தீட்டி வீடுகளைக் கட்டினார். குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சணல் நாரால் கூரை வேய்ந்தார். 1954இல் தொடங்கிய அருங்காட்சியகம் அவருக்குப் பின்னும் தன்னார்வலர்கள் கையில் வளர்கிறது. ரயில் அங்கே உண்டு, அழகாகவும் ஓடுகிறது. ஆனால் அது 1930களின் ஒரு நிலத்தின் வழியாக ஓடுகிறது. அந்த நிலம்தான் விஷயம்.

கெடாவின் தென்பகுதியை அறிந்தவர் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூரூண், பாடாங் செராய், கூலிம் என்று ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. வரிசையாக நின்ற லயக் குடியிருப்புகள், காலையில் பெரட்டுக்குக் கூடிய இடம், பால் நிறுத்த கொட்டகை, முனியாண்டி கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, எல்லாம் ஒரு வரைபடத்தில் அடங்கக்கூடியவை. ஆனால் அப்படி வரைந்து வைத்தவர்கள் குறைவு. லயத்தின் நீளம் எத்தனை அடி, முன் திண்ணை எவ்வளவு உயரம், தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்று இன்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள். ராய் இங்லண்டின் மேசை முன்னால் நிற்கும் கெடாக்காரர் ஆங்கிலேயக் கிராமத்தை மட்டும் பார்க்க மாட்டார். ‘இதை நம் ஊருக்கு யார் செய்வார்கள்?’ என்ற கேள்வி அவரோடு விமானம் ஏறும். ஒரு காட்சி போய்ப் பார்க்கத் தகுந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது: திரும்பி வந்த பிறகு சொந்த ஊரைப் பார்க்கும் பார்வையை அது மாற்றுகிறதா?

தண்டவாள அகலமும் கவனிக்க வேண்டிய விஷயம். இது நுணுக்கமான பேச்சு என்று சிலர் ஒதுங்கலாம், ஆனால் இதற்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. மலேசிய ரயில் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமானது 1435 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் 1:87 அளவுத் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம், அந்த 1435க்குச் சரியாகப் பொருந்துவது. மலேசிய ரயிலை 1:87இல் செய்து அதன் மேல் நிறுத்தினால் ரயில் கால் அகட்டி நிற்கும். சரியாக வர வேண்டுமானால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அந்தத் தண்டவாளம் ஐரோப்பியக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. காரணம், சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற ரேட்டியன் ரயிலும் மீட்டர் கேஜ்தான். ஆக, ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் ஏப்ரல் மாதம் நடக்கும் ‘இன்டர்மாடல்பாவ்’ போன்ற காட்சிக்குப் போகிறவர், பளபளக்கும் அதிவேக ரயில்களைக் கடந்து, சுவிஸ் மலை ரயில் ஓடும் மூலைக்குப் போய் நிற்பது நல்லது. அலோர் ஸ்டார் நிலையத்தைச் செய்வதற்குத் தேவையான சக்கரமும் அச்சும் பாதையும் அந்த மூலையில்தான் இருக்கும்.

மீட்டர் கேஜ் என்பது தமிழர் பயணத்தின் அகலமும்கூட. தென்னிந்திய ரயில்வே 1870களில் தன் நாகப்பட்டினம் பாதையை மீட்டர் கேஜாக மாற்றியது. தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் அந்த ரயிலில் நாகப்பட்டினம் வந்து, கப்பலேறினார்கள். 1926 முதல் ஓடிய ‘ரஜுலா’ கப்பலின் பெயர் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவின் தனிமை முகாமைக் கடந்து, பிறை நிலையத்தில் மீண்டும் ரயில். அதுவும் மீட்டர் கேஜ். அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே அகலம். வடக்கே நீண்ட அந்தப் பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது, 1918இல் சயாம் எல்லையான பாடாங் பெசாரைத் தொட்டது. நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதன் பல்சக்கர எஞ்சின்கள் பலவற்றைக் கட்டித் தந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை. டோர்ட்முண்டின் ஒரு மூலையில் நிற்கும் சுவிஸ் ரயிலுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் கூரூணுக்கும் இடையே இப்படி ஒரு இழை ஓடுகிறது. இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்குக் காட்சி முழுவதும் பேசும். அது தெரியாமல் போகிறவருக்குப் பார்க்கப் பார்க்கக் கண் வலிதான் மிஞ்சும்.

ஆசியாவில் ஒரே ஒரு காட்சிக்குத்தான் போக முடியும் என்றால் அது டோக்கியோவாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் டோக்கியோ பிக் சைட் மண்டபத்தில் கூடும் மாதிரி ரயில் மாநாட்டில், நாடெங்கும் உள்ள சங்கங்கள் தங்கள் லேஅவுட்டைத் தூக்கிக்கொண்டு வந்து விரிக்கின்றன. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே மாதிரி ரயில் போட்டி நடக்கிறது. பள்ளிக்கு ஒரு பலகை, அதில் தங்கள் ஊரின் ஒரு காட்சி, எல்லாவற்றையும் இணைத்தால் நீளமான ஒரு பாதை. பதினாறு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தையோ கைவிடப்பட்ட சுரங்க நிலையத்தையோ தேடிப் போய் அளந்து செய்கிறார்கள். கெடாத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்தால், அந்தப் பயணச் செலவு வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

டோக்கியோவில் இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானிய மாதிரி ரயில் கடைகளில் சி56 என்ற சிறிய நீராவி எஞ்சின் காணக் கிடைக்கும். ‘கேட்டோ’ நிறுவனம் செய்யும் அந்த மாதிரி உள்ளங்கைக்குள் அடங்கும். ‘மேட்டு நிலத்துக் குதிரைக்குட்டி’ என்று ஜப்பானியர்கள் அதைக் கொஞ்சுவார்கள். கோமி மலைப்பாதையில் ஓடிய எஞ்சின் என்று பாசத்தோடு வாங்குவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 90 சி56 எஞ்சின்கள் மீட்டர் கேஜுக்கு மாற்றப்பட்டுத் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அனுப்பப்பட்டன. ஜப்பானிய ராணுவம் போட்ட, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதையில் ஓடியவற்றில் அவையும் உண்டு. அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் வாந்திபேதியிலும் பட்டினியிலும் காட்டிலேயே முடிந்து போயிருந்தார்கள். தெற்கிலிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு வடக்கே போன வண்டிகளுக்கு வேறு வழி கிடையாது. அவை அலோர் ஸ்டார் நிலையத்தைத் தாண்டித்தான் பாடாங் பெசாருக்குப் போயின. கெடாவில் தாத்தாவையோ தாத்தாவின் அண்ணனையோ அந்தப் பாதையில் இழந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்த எஞ்சின்களில் இரண்டு 1979இல் ஜப்பானுக்குத் திரும்பின. பாதை இணைந்த நாளின் விழாவில் நின்ற சி56 31 டோக்கியோவின் யசுகுனி கோயில் வளாகத்தில், யூஷூகான் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்றான சி56 44, ஷிசுவோகா மாநிலத்தில் ஓய்கவா ரயில்வேயில் மீண்டும் ஓடியது. 2015இல் அதற்குச் சிவப்பு வண்ணம் பூசி, முகம் வைத்து, ‘தாமஸ்’ கதையில் வரும் ஜேம்ஸாக்கிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். அதில் ஏறிய குழந்தைகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு எஞ்சினுக்குள் இத்தனையும் இருக்கிறது என்று அறிந்தவருக்கு, காட்சி மண்டபத்தில் அந்தக் குட்டி சி56 புகைபோல் பஞ்சு ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் ஜப்பானியப் பெரியவரிடம் பேச வேண்டும் என்று தோன்றும். அவரும் கேட்பார். இப்படிப் பேசுகிற வாய்ப்புக்காகவே அவ்வளவு தூரம் போகலாம். இணையத்தில் பார்க்கும் படம் அதைத் தராது.

இதே பணத்தையும் நாளையும் வைத்து வேறு பக்கமும் போகலாம் என்பதையும் நினைக்க வேண்டும். அலோர் ஸ்டாரில் கொமுட்டர் ஏறி பாடாங் பெசார், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் பாங்காக், பிறகு காஞ்சனாபுரி. வழி நெடுக ஒரே மீட்டர் கேஜ். குவாய் பாலத்தருகே ஒரு சி56 நிற்கிறது. ஊருக்குள் இருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில் மையம் அந்தப் பாதையின் மலையையும் ஆற்றையும் சிறு வடிவில் காட்டுகிறது. அது பொழுதுபோக்குக் காட்சி அல்ல. ஆனால் டோக்கியோவுக்குப் போவதற்கு முன்னால் ஒருவர் அங்கே போய் வந்திருந்தால், டோக்கியோவில் அவர் பார்க்கும் சி56 வேறாக இருக்கும். பயணங்களுக்கு வரிசை உண்டு. எது முதலில் என்பது பணத்தை மட்டும் பொறுத்ததல்ல.

இந்தியப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் கோயில், கல்யாணம், சேலை என்று எப்படியும் தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள். சென்னையில் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்கும் திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் ஒதுக்கினால் போதும். புனேயில் இருக்கும் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனியாகப் போக வேண்டும், போகலாம். ஒரு தனி மனிதரின் ஆசையில் தொடங்கி 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது அது. நகரம், மலை ரயில், சர்க்கஸ் கூடாரம் என்று ஒரே அறைக்குள் சுழலும். மலேசியாவுக்குள்ளேயே என்றால், கோலாலம்பூர் சுங்கை வாங் பிளாசாவில் உள்ள ‘மின்நேச்சர்’ ரயிலுக்காகவே அமைந்த காட்சி அல்ல, ஆனால் மலேசிய வாழ்க்கையைச் சிற்றுருவாக்கலாம் என்பதற்கு அது கண்முன் சாட்சி. பிள்ளைகளை முதலில் அழைத்துப் போக வேண்டிய இடம் அதுதான்.

யாரோடு போவது என்பதும் முடிவின் பாதி. மலாயா ரயில்வேயில் தமிழர் கை படாத வேலை இல்லை. தண்டவாளத்துக்குச் சரளை கொட்டியவர்கள், பாயிண்ட் மாற்றியவர்கள், செந்தூல் பணிமனையில் கொதிகலன் பழுது பார்த்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்கள். அவர்களில் ஓய்வு பெற்ற ஒருவரை ஒரு லேஅவுட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் பேச்சு எப்படிப் போகும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

“ஏன் தம்பி, இந்த சிக்னல இங்க நட்டிருக்கீங்க? வளைவு தாண்டி வெச்சா டிரைவர் எப்படிப் பார்ப்பாரு?”

“போட்டோவுல அப்படித்தான் இருந்திச்சு, ஐயா.”

“போட்டோ எடுத்தவன் எந்தப் பக்கம் நின்னு எடுத்தான்னு பாருங்க.”

இப்படி ஒரு திருத்தம் கிடைக்குமானால், பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் நாலு மேசை போட்டு நடத்தும் காட்சிகூடப் பெரிய காட்சிதான். அந்த ஐயாவை டோக்கியோவுக்கு அழைத்துப் போக முடியாது, மூட்டுவலி விடாது. பக்கத்தில் நடக்கும் சிறிய காட்சிக்கு அவரை அழைத்துக்கொண்டு போவதா, தூரத்தில் நடக்கும் பெரிய காட்சிக்குத் தனியாகப் போவதா என்று ஒரே மாதத்தில் இரண்டும் வந்தால், முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயுளைப் பார் என்று சொன்னது காட்சிக்கு மட்டும் பொருந்துவதில்லை. அலோர் ஸ்டாரில் புதிய நிலையத்தின் பக்கத்தில் பழைய நிலையக் கட்டடம் நிற்கிறது. இரட்டைப் பாதையும் மின்கம்பியும் வந்து, 2015இல் மின்சார ரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கிய பிறகு, அந்தக் கட்டடத்தின் முன்னால் ஒற்றைத் தண்டவாளம் எப்படிப் பிரிந்து சேர்ந்தது, சரக்கு வண்டி எங்கே ஒதுங்கியது, டோக்கன் வளையத்தை யார் எங்கே நின்று நீட்டினார் என்பதெல்லாம் சிலருடைய ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது.

பார்வையாளராகவே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘டி-டிராக்’ என்ற முறை 2000க்குப் பிறகு பரவியது. ஒரு பலகை சுமார் 31 சென்டிமீட்டர் நீளம், மேலே கேட்டோ தண்டவாளம். அதே தரத்தில் செய்த எந்த டி-டிராக் பலகையோடும் பூட்டலாம். அப்படி ஒரு பலகையைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்து ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகலாம். அளவில் ஒரு சமரசம் உண்டு. ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம் 1:150 கணக்கில் 1350 மில்லிமீட்டருக்குச் சமம். மீட்டர் கேஜுக்கு இது ஓரடிக்கு மேல் அகலம். சரளையைச் சற்று மேலே ஏற்றி, தண்டவாளத்துக்குப் பழுப்பு வண்ணம் அடித்துக் கண்ணை ஓரளவு ஏமாற்றலாம். பலகையோடு போகிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார். கேள்வி கேட்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். இரண்டு நாளும் அவர் அங்கேயே இருப்பதால், மற்ற லேஅவுட்காரர்களோடு காலையில் பசியாறுவதும் மாலையில் கம்பி பிரிப்பதும் நடக்கும். நுழைவுச்சீட்டு வாங்கிப் போனவருக்கு ஒரு பிற்பகலில் கிடைக்காத பேச்சு அப்போது கிடைக்கும். அந்த நிலையில் எந்தக் காட்சிக்குப் போவது என்பதற்கு இன்னொரு அளவுகோல் சேர்கிறது: இந்தப் பலகைக்கு அங்கே இடம் கொடுப்பார்களா, அதைப் பார்க்க வேண்டியவர்கள் அங்கே வருவார்களா?

பலகையில் எந்த ஆண்டைக் காட்டுவது என்பதில்தான் வாக்குவாதம் வரும். 1950களின் நீராவிக் காலம் அழகு. நெல்வயலும் பின்னால் கெரியாங் மலையும் போதும், எல்லோருக்கும் பிடிக்கும். 2013ஐக் காட்டினால் பழைய பாதையும் புதிய தூண்களும் ஒன்றாக நிற்கும், அது பொறியியல் பிடித்தவர்களுக்கு. 1943ஐக் காட்டினால் அலோர் ஸ்டார் நடைமேடையில் கதவு சாத்திய சரக்குப் பெட்டிகள் நிற்க வேண்டும், கம்பிக்கு அப்பால் வேட்டி கட்டிய நாலைந்து பேர் நின்று பார்க்க வேண்டும். குழந்தைகள் வரும் காட்சியில் அது வேண்டாம் என்பார்கள் சிலர். பெண்டனில் ஒரு கிராமத்தின் கூரையைக்கூட மாற்றாமல் காக்க முடிந்தது என்றால், இந்தப் பெட்டிகளையும் ஒரு மேசையில் நிறுத்தலாம். எழுத்தில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலில் அதைச் செய்துவிட்டார். சிற்றுருவில் இன்னும் யாராவது செய்ய வேண்டும். அந்தப் பலகையை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் சுங்கைப் பட்டாணியில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம். இரண்டாவது இடம் டோக்கியோ, ஆகஸ்ட் மாதம்.